நியூசிலாந்து தேர்தல் சீர்திருத்தம்

நியூசிலாந்து 1993-இல் பொது வாக்கெடுப்பின் வழியாகத் தன் நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றிக்கொண்டது. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் பழைய முறை நீங்கி, கலப்பு விகிதாசார முறை வந்தது. மூன்றாம் கட்சிகளுக்கு விழுந்த வாக்குகள் நாற்பது ஆண்டுகளாக வீணானதே இம்மாற்றத்துக்கு வித்திட்டது.

பின்னணி

தேசியக் கட்சியும் தொழிற்கட்சியும் மாறி மாறி ஆண்ட நாட்டில், சோஷியல் கிரெடிட் கட்சி 1954-இல் 11 சதவீத வாக்கு பெற்றும் ஓரிடம்கூட வெல்லவில்லை. 1981-இல் ஐந்தில் ஒரு வாக்கு அதற்கே விழுந்தது. கிடைத்ததோ 92 இடங்களில் இரண்டு. அதன் ஆதரவாளர்கள் நாடெங்கும் பரவியிருந்ததால் பெரும்பாலான தொகுதிகளில் அதனால் முதலிடம் பிடிக்க முடியவில்லை. பெரிய கட்சிக்கும் அடி விழுந்தது: 1978, 1981 தேர்தல்களில் தேசியக் கட்சியைவிடக் கூடுதல் வாக்கு வாங்கிய தொழிற்கட்சி, இரு முறையும் எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்தது.

ஆணையமும் வாக்கெடுப்புகளும்

1984-இல் ஆட்சியைப் பிடித்த தொழிற்கட்சி, நீதிபதி ஜான் வாலஸ் தலைமையில் அரச ஆணையம் அமைத்தது. ஜெர்மனியில் உள்ளதுபோன்ற கலப்பு விகிதாசார முறையை அது 1986-இல் பரிந்துரைத்தது. பழைய முறையால் பயனடைந்த இரு பெரிய கட்சிகளும் ஆர்வம் காட்டவில்லை. 1987 தேர்தலின்போது பிரதமர் டேவிட் லாங்கி தொலைக்காட்சி விவாதத்தில் பொது வாக்கெடுப்புக்கு உறுதியளித்தார், அது நிறைவேறவில்லை. 1990-இல் தேசியக் கட்சியும் அதே உறுதியைத் தந்து ஆட்சிக்கு வந்தது.

1992 வாக்கெடுப்பில் 84.7 சதவீதத்தினர் மாற்றம் கேட்டனர். 1993 நவம்பர் 6 அன்று நடந்த இறுதி வாக்கெடுப்பில் புதிய முறை 53.9 சதவீதத்துடன் வென்றது. அதே நாளில் நடந்த பொதுத்தேர்தலில் அலையன்ஸ் கூட்டணி 18 சதவீத வாக்குக்கு இரண்டே இடம் பெற்றது. பழைய முறையின் அநீதிக்கு அதுவே கடைசிச் சாட்சி.

செயல்முறை

வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று கட்சிக்கு, மற்றொன்று தொகுதி வேட்பாளருக்கு. மொத்தம் 120 இடங்களில் ஒரு கட்சியின் பங்கைக் கட்சி வாக்கே தீர்மானிக்கிறது. பங்கு பெற 5 சதவீத வாக்கோ ஒரு தொகுதி வெற்றியோ வேண்டும். 1996-இல் இம்முறைப்படி நடந்த முதல் தேர்தலில் 13 சதவீத வாக்கு பெற்ற நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி 17 இடங்களை வென்று கூட்டணி அரசில் சேர்ந்தது.

எஞ்சிய குறை

2011 வாக்கெடுப்பில் 57.8 சதவீதத்தினர் இம்முறையே தொடரட்டும் என்றனர். ஆனால் அந்த 5 சதவீத வெட்டுப்புள்ளி இன்னும் உறுத்துகிறது. 2008-இல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 4.07 சதவீதம் பெற்று வெறுங்கையோடு நின்றது, 3.65 சதவீதம் பெற்ற ஆக்ட் கட்சி, எப்ஸம் தொகுதியை வென்றதால் ஐந்து இடம் பெற்றது. வெட்டுப்புள்ளியை 4 சதவீதமாக்கத் தேர்தல் ஆணையம் 2012-இலும், 3.5 சதவீதமாக்கச் சுயாதீன மீளாய்வுக் குழு 2023-இலும் பரிந்துரைத்தன. வெட்டுப்புள்ளி தாழும் அளவுக்கே சிறு கட்சிக்கு வாக்களித்தவரின் குரலும் அவையேறும்.