குருவிக்கு மட்டும் எட்டுற நெல்

எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள்ல, முற்றத்தை ஒட்டின உத்தரத்துல நெற்கதிரைப் பின்னி ஒரு குஞ்சம் தொங்கும். இப்ப பார்க்கிறவங்க அலங்காரம்னு நினைக்கிறாங்க. அலங்காரம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது சிட்டுக்குருவிக்கு வச்ச சாப்பாடு. அதுவும் குருவிக்கு மட்டும் எட்டுற மாதிரி வச்ச சாப்பாடு.

தரையில ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பாருங்க. முதல்ல காக்கா வரும், பின்னாலயே புறா, கோழி, அணில் எல்லாம் வரும். குருவி ஓட்டு மேல உக்காந்து வேடிக்கை பார்க்கும். குஞ்சத்துல அந்தக் கதை நடக்காது. குருவி 25, 30 கிராம்தான் இருக்கும். கதிரைக் கவ்விப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கிக்கிட்டே கொறிக்கும். காக்கா அதைப் போலப் பத்து மடங்கு எடை, வந்து உக்காந்தா குஞ்சமே சுத்தும், பிடி கிடைக்காமப் போயிடும். புறாவுக்குத் தரையில நடக்கிற கால், தொங்குற கால் இல்ல. கீழ உதிர்றதைப் பொறுக்கிக்கிட்டுப் போகும், அவ்வளவுதான்.

யாரைத் தின்ன விடுறது, யாரை விரட்டுறதுங்கிற இந்தக் கணக்கு இன்னைக்கு நேத்துப் போட்டது இல்ல. குறுந்தொகையில 46ஆவது பாட்டு, மாமிலாடன் பாடினது. அதுல வர்ற குருவிக்கு அடைமொழியே வீட்டில் வாழ்றதுங்கிறதுதான். முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்னுட்டு, பொது இடத்து எருப்புழுதியில் குளிச்சிட்டு, வீட்டு இறப்புல தன் குஞ்சோட தங்குது. யாரும் அதை விரட்டினதாப் பாட்டுல இல்ல. பட்டினப்பாலையிலயும் தானியம் காயுது, காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில். அங்க வந்தது கோழி. காவல் இருந்த பொண்ணு காதுல கிடந்த கனத்த பொன் குழையைக் கழட்டி அதும்மேல எறியுறா! ஊரோட செல்வத்தைக் காட்ட அப்படிப் பாடியிருக்காங்க. இன்னைக்குத் தங்கம் விக்கிற விலைக்குக் கோழி நெல்லையே தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுடுவோம்.

வயலுக்கு வந்தா கணக்கு வேற. மலைப்பக்கத் தினைப்புனத்துல பரண் கட்டி, தழல், தட்டை, குளிர்னு சத்தம் எழுப்புற கருவிகளை வச்சுக்கிட்டுப் பொண்ணுங்க கிளி விரட்டினதைக் குறிஞ்சிப்பாட்டு சொல்லுது. கிளி கெட்டிக்காரப் பறவை. கதிர்லயே தொங்கவும் செய்யும், கடிச்சுத் துண்டாக்கித் தூக்கிட்டுப் போகவும் செய்யும். தொங்கவிட்டுத் தப்பிக்கிற உபாயம் அதுகிட்ட செல்லாது, சத்தம் போட்டுத்தான் ஆகணும். நேர்மையாச் சொன்னா, பால் பிடிக்கிற பருவத்துல வயல்ல குருவியும் எதிரிதான். நானும் தகர டப்பா தட்டியிருக்கேன்.

அப்புறம் ஏன் வீட்ல கூப்பிட்டுப் போட்டாங்க? நெல்லு தின்கிற அதே குருவி, குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் கொண்டு போய் ஊட்டும். சீனாவுல 1958-ல குருவியை ஒழிக்கணும்னு நாடே இறங்குச்சு. தட்டு, முரசு தட்டி உக்கார விடாமப் பறக்க வச்சே கொன்னாங்க. பின்னால பூச்சி பெருகிப் பயிரைத் தின்னுச்சு. 1960-ல ஒழிக்க வேண்டிய பட்டியல்ல குருவியை எடுத்துட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தாங்க. அந்தப் பஞ்சத்துக்குக் குருவி மட்டும் காரணம் இல்ல, ஆனா அதுவும் ஒண்ணு.

இந்தக் குஞ்சத்தைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் விட்டுடுற ஒண்ணு இருக்கு. அதைப் பின்னினது வீட்டுக்காரங்க இல்ல. அறுப்புக்கு வந்த ஆளுங்க, கடைசி நாள் நல்ல கதிரா அரிஞ்சு, களத்து மேட்டுல உக்காந்து பின்னி, மிராசுதார் வீட்டுக்குக் கொண்டுவந்து குடுப்பாங்க. ஒரு மரக்கா நெல்லோ துண்டோ கிடைக்கும். இதே டெல்டாவுலதான், கூலியில அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு முத்தி, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில 44 பேரை எரிச்சாங்க. குருவிக்கு நெல்லு கட்டின பெருமையைப் பேசுறப்ப இதையும் சேர்த்தே பேசணும்னு எனக்குத் தோணும்.

குஞ்சம் மறைஞ்சதுக்கு செல்போன் டவர்னு சொல்லிட்டுப் போறது சுலபம். டவரால குருவி போச்சான்னே உறுதியாகல. குஞ்சம் போனதுக்கு அதுக்குச் சம்பந்தமே இல்ல. குஞ்சம் பின்னத் தாள் நீளமா, துவளணும். 1965-ல ஆடுதுறை 27 வந்துச்சு, அடுத்த வருஷம் ஐஆர் 8. மகசூல் கூடுச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா தாள் குட்டையாச்சு. அப்புறம் அறுவடை மிஷின் வந்து, கதிரை வயல்லயே அடிச்சு நெல்லை வேற வைக்கோலை வேற ஆக்கிடுச்சு. அரியும் இல்ல, கட்டும் இல்ல, களத்து மேடும் இல்ல. நாட்டு ஓடு போய் காங்கிரீட் வந்ததும் குருவி கூடு கட்டின இறப்பும் போச்சு, குஞ்சம் கட்டின உத்தரமும் போச்சு.

நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி விதை குடுத்தவர். அவரை மாதிரி ஆளுங்களாலதான் மாப்பிள்ளைச் சம்பா எங்க பக்கம் திரும்ப வந்துச்சு. ஆள் உசரத்துக்கு நிக்கும். இந்த வருஷம் வயல் மூலையில ரெண்டு பாத்தி மிஷினை விடாம நிறுத்தி வச்சேன். மிஷின் டிரைவர் சிரிச்சார். பின்னத் தெரிஞ்ச ஆளைத் தேடினதுல, எங்க தாத்தா காலத்துல அறுப்புக்கு வந்த பெரியவர் ஒருத்தர் கிடைச்சார். கண்ணு மங்கிடுச்சு, கை மறக்கல.

கட்டின மறுநாளே அணில் கயித்து வழியா இறங்கிப் பாதிக் குஞ்சத்தைக் கத்தரிச்சுடுச்சு. கொட்டாங்குச்சியைக் கயித்துல கவுத்துக் கோத்தேன். அது சின்னது, அணில் தலைகீழா எட்டிடுச்சு. பழைய அலுமினியத் தட்டுல நடுவுல ஓட்டை போட்டுக் கோத்த பிறகுதான் நின்னுச்சு. கால் வச்சதும் தட்டு சாயுது, வழுக்கிடுது. தூண்லேருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி இருக்கணும், இல்லன்னா தாவிடும். கிரீஸ், எண்ணெய் எதையும் கயித்துல தடவாதீங்க, குருவி இறகுல ஒட்டிக்கும். மயில் வந்தா கை தட்டுறதோட சரி. 1963-லேருந்து தேசியப் பறவை, 1972 சட்டத்துல முழுப் பாதுகாப்பு. எட்டாத உசரத்துல கட்டினா அது உதிர்ந்ததைப் பொறுக்கிட்டுப் போயிடும்.

பதினோராம் நாள் ஒரு ஜோடி குருவி வந்துச்சு. பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன், வந்து பார்த்தார். மிச்சம் இருந்த கதிர்ல இன்னொண்ணு பின்னி வச்சிருந்தார். அதுக்குக் காசு குடுக்கப் போனப்ப, "இது எங்க வூட்டுக்குப்பா"ன்னார். தொகுப்பு வீட்டு காங்கிரீட்ல ஃபேன் மாட்டுற கொக்கி சும்மாதான் கிடக்காம்.