பயிலுனர் பத்திரத்தில் ஒரு மொழிக் கேள்வி

அண்மையில் கல்முனைக்குடிக்குச் சென்றிருந்தபோது, தங்கையின் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வந்து நின்றாள்.

"மாமா, இத ஒருக்காப் பாருங்க. பிழ வந்தா திரும்பவும் அலையணுமாம்."

பயிலுனர் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான ஆவணங்கள் அவை. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். எழுத்துப் பரீட்சைக்கான மொழி தமிழ் என்பதை அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. நானோ அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

சாரதி அனுமதிப்பத்திரம் பரீட்சையோடு பிறந்த ஒன்றன்று. 1888 ஆகஸ்ட்டில் ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டியை வீதியில் ஓட்டுவதற்கு அதிகாரிகளிடமிருந்து எழுத்து மூல அனுமதி பெற்றார். வண்டியின் இரைச்சலையும் நாற்றத்தையும் பற்றி ஊரார் முறையிட்டதே காரணம். (அதே மாதத்தில் அவருடைய மனைவி பேர்த்தா, கணவரிடமே சொல்லாமல், இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்று தாய்வீட்டை அடைந்தார் என்பது வேறு கதை.) பிரித்தானியாவில் 1904 ஜனவரி முதல் அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. ஐந்து சிலிங் செலுத்தினால் போதும், ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கட்டாயப் பரீட்சையும் பயிலுனர்களுக்கான சிவப்பு 'எல்' பலகையும் 1935இல்தான் வந்தன. அந்தப் பலகையே இன்று நம்மூர்ப் பயிற்சி வாகனங்களிலும் தொங்குகின்றது.

இலங்கையில் இன்றும் வழக்கிலுள்ள மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். அது பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அது நிறைவேறியபோது அரச கருமங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த மொழி கல்முனைக்குடி விவசாயிக்கும் தெரியாது, ஹம்பாந்தோட்டை விவசாயிக்கும் தெரியாது. அந்த வகையில் ஒரு சமத்துவம் இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கல்முனைத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றவர் கேட் முதலியார் எம்.எஸ்.காரியப்பர் என்பதையும், பின்னர் அவர் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார் என்பதையும் நம்மூர் இளைஞர் பலர் அறியார். மொழிச் சண்டையை வீதிக்குக் கொண்டுவந்தது மோட்டார் வாகனந்தான். 1957 ஜனவரி முதல் வாகன இலக்கத் தகடுகளில் 'சீ.வை.', 'ஈ.என்.' போன்ற ஆங்கில எழுத்துகளின் இடத்தைச் சிங்கள 'ஸ்ரீ' பிடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் அதன்மீது தார் பூசப்பட்டது, தமிழில் 'சிறீ' எழுதப்பட்டது. 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டதன் பின்னணியிலும் இந்த ஓர் எழுத்துப் போராட்டம் இருந்தது. வேடிக்கை என்னவெனில், இங்கே தகட்டெழுத்துக்காக நாடு கொதிக்கத் தொடங்கிய அதே மாதங்களில், சூயஸ் நெருக்கடியால் பெற்றோல் தட்டுப்பாடு ஏற்பட்ட பிரித்தானியாவில் ஓட்டுநர் பரீட்சையையே நிறுத்திவிட்டு, பயிலுனர்கள் துணையின்றித் தனியே ஓட அனுமதித்திருந்தார்கள்.

சிங்களத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவதற்குச் சட்டம் கொடுத்திருந்த அவகாசம் 1960 டிசம்பர் 31இல் முடிந்தது. மறு ஆண்டு, 1961இல், மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதுவரை நம்மவர்கள் அலுவல்களுக்காக வடக்கே சுமார் நாற்பது கிலோமீற்றர் சென்று மட்டக்களப்புக் கச்சேரியில் தமிழில் பேசித் திரும்பினார்கள். இனி மேற்கே அம்பாறைக்குச் செல்ல வேண்டும். தூரம் குறைந்தது, ஆனால் மொழி தூரமாயிற்று. அலுவலகமும் அதன் மொழியும் ஒரே ஆண்டில் மாறியதன் தாக்கத்தைக் கரையோர மக்கள் அளவுக்கு வேறெவரும் அனுபவித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அதை நான் வாப்பாவிடம் கண்டேன். அவர் உழவு இயந்திரம் ஓட்டுபவர். வயல் வட்டையில் அவரைப் போல் வரம்பு தட்டாமல் திருப்புபவர் இல்லை என்பார்கள். அறுபதுகளின் நடுப்பகுதியில் அனுமதிப்பத்திரம் எடுக்கவென்று ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். தந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. நிரப்பித் தரும்படி ஒருவரிடம் கேட்டு, சொன்ன இடத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தார். பிழையென்று திருப்பிக் கொடுத்தார்கள். என்ன பிழை என்று சொன்னார்கள்தாம், சொன்னது அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் போகவில்லை.

வயல்கள் பிரதான வீதிக்கு மேற்கே, எங்கள் வீடோ கிழக்கே கடற்கரைப் பள்ளிப் பக்கம். அந்திப் பொழுதில் வாப்பா உழவு இயந்திரத்தை வீதியோரம் வரை ஓட்டி வந்து நிறுத்துவார். இறங்கி நிற்பார். பத்திரம் வைத்திருந்த அயல்வீட்டுக் காக்கா ஏறி, வீதியைக் கடந்து இந்தப் பக்கம் விடுவார். வாப்பா பின்னால் நடந்து வருவார். எழுபதுகளில் நான் சிறுவனாக நாள்தோறும் கண்ட காட்சி இது. தன்னிலும் இளையவர் தன் வண்டியை ஓட்ட, தான் நடந்து வருவதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. நான் தொண்ணூறுகளில் கொழும்பில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு பரீட்சை எழுதித் தேறினேன், தமிழில். அதற்குள் ஊரில் அனுமதிப்பத்திரத்தின் பொருளே மாறிவிட்டிருந்தது. சவூதிக்கு 'ஹவுஸ் டிரைவராக'ப் போவதற்கு அது முதற்படி. அங்கே பெண்கள் வாகனம் ஓட்டக்கூடாது என்றிருந்த தடை எங்கள் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளுக்குக் கல் வீடு கட்டித் தந்தது. 2018 ஜூன் 24இல் அத்தடை நீங்கியது.

லண்டனில் வாழும் பள்ளித் தோழன் ஒருவன் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கைப் பத்திரத்துடன் அங்கே ஓராண்டுதான் ஓட்டலாம், பிறகு மீண்டும் 'எல்' பலகை. ஆனால் கோட்பாட்டுப் பரீட்சையில் அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வினாக்களைத் தமிழிலேயே கேட்டானாம். அங்கு ஒலிவடிவில் கிடைத்த பத்தொன்பது வெளிநாட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோவிலோ தமிழில் எழுதலாம். பிறந்த நாட்டில் வாப்பாவுக்குக் கிடைக்காதது கடல் கடந்த ஊர்களில் வரவும் போகவும் செய்கிறது.

"என்ன மாமா, அதையே பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் மருமகள். வாப்பாவின் கதையைச் சொன்னேன்.

"அப்ப மூத்தவாப்பா கடைசி வரைக்கும் றோட்டக் கடக்கவே இல்லையா?"

ஒரு நாள் கடந்தார். 2004 டிசம்பர் 26 காலை. ஊர் முழுவதும் மேற்கு நோக்கி ஓடி வர, வயலில் நின்றவர் பெட்டியை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக, கடலை நோக்கி, வீதியைத் தாண்டிச் சென்றார். அன்று மாலை வரை ஆட்களை ஏற்றி ஏற்றி வைத்தியசாலைக்கு ஓடினார். வழியில் நின்ற பொலிஸார் அவருக்காகச் சனத்தை விலக்கி வழி விட்டார்களாம். அவர் எங்களுக்குச் சொன்னது அதை மட்டுந்தான்.

மருமகளின் ஆவணங்களில் ஒரு குறைதான் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. முதலில் அதைத் திருத்த வேண்டும். திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம்.