குப்பாயி என்று ஒரு பெயர்

2006இல் மலேசியத் தேசியப் பதிவுத் துறை, பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஹிட்லர் கூடாது, 007 கூடாது. விலங்கு, பூச்சி, காய்கனி, நிறம் எதுவும் பெயராகக் கூடாது. கெட்ட பொருள் தரும் சீனப் பெயர்களும் அதில் இருந்தன. ஆட்சேபத்துக்குரிய பெயரைப் பதிய மறுக்க, 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே இடம் கொடுக்கிறது. கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். பெயரால் கேலிக்கு ஆளாகி அழுத பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். இந்தச் சட்டத்தின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பட்டியலைப் படித்ததும் என் அப்பாயியின் நினைவுதான் வந்தது. அவர் பெயர் குப்பாயி.

காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்தவை தங்கவில்லை. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போன காலம் அது. அதனால் பிறந்த கையோடு குப்பையில் கிடத்தி, முறத்தில் எடுத்து, பக்கத்து வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். இது வேண்டாத பிள்ளை என்று எமன் நம்பிப் போய்விட வேண்டும். பிச்சை, குப்பன், மூக்கு குத்திப் பெயரிட்ட மூக்காயி எல்லாரும் இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள்தான். பிள்ளைக்கு நாய் என்று பெயர் வைத்த சீனத் தாய்மாருக்கும் இதே பயம் இருந்தது. உண்மையில் புண்படுத்தும் பெயர் வேறொன்று: போதும்பொண்ணு. பெண்ணாகவே பிறந்து சலித்த வீட்டில் வைத்தது. அதில் எந்தக் கெட்ட சொல்லும் இல்லை, ஆனால் ஆயுள் முழுக்க அந்தப் பெண் அதைச் சுமக்க வேண்டும்.

இந்தப் பெயர்கள் எந்தச் சட்டமும் சொல்லாமலே மறைந்தன. 1929இலும் 1954இலும் பெரியார் மலாயா வந்து போனார். திராவிட இயக்கப் பேச்சு தோட்டங்களுக்குள் நுழைந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முனியம்மாவின் மகள் தமிழ்ச்செல்வி ஆனாள், மாரியாயியின் பேரன் இளங்கோ ஆனான். இன்று அவர்களின் பிள்ளைகளுக்கு நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

எந்தப் பெயரை வைத்தாலும் அது ஏட்டில் சரியாக ஏற வேண்டுமே. அந்நாளில் அம்மா வாயால் சொன்ன பெயரைத் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் வெவ்வேறு எழுத்தில் இருப்பதைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அப்பா பெயர்தான் பின்பாதி. நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று மலாயில் மகன், மகள் குறி. அங்கே ஓர் எழுத்து பிசகினாலும் சேமநிதிப் பணம் வாங்கும் நாளில் சத்தியக் கடிதம் எழுத வேண்டிவரும்.

அதையாவது திருத்திக்கொள்ளலாம். பெயர் ஏட்டிலேயே ஏறாதவர்கள் பாடுதான் பெரிது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்களில் பலர், இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இன்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். பிறப்பைப் பதிய முன்பு 14 நாள் கெடு இருந்தது, இப்போது தீபகற்பத்தில் 60 நாள். மகளோ மருமகளோ பிள்ளை பெற்றால், நல்ல எழுத்து அமையட்டும் என்று ஜோதிடருக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் போய்ப் பதியுங்கள்.