ஒமிட்: விட்டதும் நீக்கியதும்

‘ஒமிட்’ என்ற ஆங்கில வினை, லத்தீன் ‘ஒமித்தேரே’யின் வழி வந்தது. அடியில் இருக்கும் ‘மித்தேரே’க்கு அனுப்பு, போகவிடு என்று பொருள். அட்மிட், பெர்மிட், சப்மிட் எல்லாம் இதன் உடன்பிறப்புகள்தாம்.

பட்டியலிலிருந்து ஒரு பெயரை விட்டாலும் ஒமிட். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் ஒமிட். பின்னதில்தான் சட்டத்துக்கு அக்கறை அதிகம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 32-ஆம் பிரிவிலேயே, செயலைக் குறிக்கும் சொற்களில் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதையும் அடக்கிவிட்டது. குழந்தைக்குச் சோறு போடாத பெற்றோர், ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று கைவிரிக்க முடியாது.

நீக்கம் என்ற பொருளுக்கு அரசியலமைப்பே சாட்சி. 1978-இன் 44-ஆவது திருத்தம், சொத்துரிமை தந்த 19(1)(எஃப்) உட்பிரிவை ஒமிட் செய்தது. மற்ற உட்பிரிவுகளின் எழுத்துகளை யாரும் மாற்றவில்லை. இன்றும் ‘ஈ’யை அடுத்து ‘ஜி’தான்.