ஹாஷ் கணக்கீட்டை விரைவாக்கல்

எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் வழிமுறைகளின் நிரலை, செயலியின் கட்டளைகள் வரை இறங்கிச் செப்பனிட்டு வேகம் கூட்டுவது ஹாஷ் விரைவாக்கம் எனப்படும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் எஸ்எச்ஏ-256 தருவது 256 பிட் மதிப்பு ஒன்றே. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும்.

இந்தியாவில் இந்த ஹாஷ் மதிப்பு நீதிமன்றம் வரை வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பும் வழிமுறையின் பெயரும் இடம்பெற வேண்டும். சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் பதிவான சிசிடிவி காட்சி ஒரு வழக்கில் சான்றானாலும் இதே விதிதான்.

இந்த மதிப்பை விரைவாகக் கணக்கிட, வழிமுறையின் உள்ளே பார்க்க வேண்டும். எஸ்எச்ஏ-256, தரவை 64 பைட் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 64 சுற்றுகளில் கலக்குகிறது. முந்தைய சுற்று முடியாமல் அடுத்த சுற்றும், முந்தைய தொகுதி முடியாமல் அடுத்த தொகுதியும் தொடங்காது. எனவே ஒரே கோப்பைச் செயலியின் பல கோர்களுக்குப் பங்கிட முடியாது. சுற்றுக்குள்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். அங்குள்ள தேர்வுச் சார்பு, அ, ஆ, இ என்ற மூன்று மதிப்புகளில் அ-வின் பிட் 1 என்றால் ஆ-வின் பிட்டையும், 0 என்றால் இ-யின் பிட்டையும் எடுக்கும். வரையறைப்படி எழுதினால் இரண்டு அண்ட், ஒரு நாட், ஒரு எக்ஸார் என நான்கு செயல்கள். ஆ, இ இரண்டையும் எக்ஸார் செய்து, விடையை அ-வுடன் அண்ட் செய்து, மறுபடி இ-யுடன் எக்ஸார் செய்தால் மூன்றே போதும். தொகுதிக்கு 64 செயல்கள் மிச்சம்!

பெரிய பாய்ச்சல் வன்பொருளில் நிகழ்ந்தது. இன்டெல் 2013இல் அறிவித்த எஸ்எச்ஏ கட்டளைகளில் ஒன்று இரண்டு சுற்றுகளை ஒரேயடியாக முடிக்கும். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளுக்கு அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் தொடக்கப் பகுதியில் பிட்டுகளைச் சுழற்றும் கட்டளை இல்லை. ஆகவே எஸ்எச்ஏ-256 சுற்றில் வரும், மூன்று சுழற்சிகள் கொண்ட சிக்மா சார்புக்கு 11 கட்டளைகள் தேவை. 2021இல் ஏற்கப்பட்ட குறியாக்க நீட்சி அதை ஒரே கட்டளையாக்கியது.

எதையும் திருத்துமுன் அளந்து பார்க்க வேண்டும். நொடிக்கு 200 எம்பி படிக்கும் ஹார்ட் டிஸ்கில் 1 டிபி தரவைப் படிக்கவே ஏறத்தாழ 83 நிமிடம் ஆகும். அதைவிட வேகமான நிரல் அங்கே வீண்.

வேகத்தைவிடச் சரியான விடையே முக்கியம். திருத்திய நிரலை 55, 56, 64 பைட் நீளத் தரவுகளில் கட்டாயம் சோதிக்க வேண்டும். தரவின் நீளம் 56 பைட் ஆகும்போதுதான், அதன் இறுதியில் சேர்க்கப்படும் நிரப்புப் பகுதி அடுத்த தொகுதிக்குத் தாவுகிறது.