உதவி வைரசு

தனியாகப் பெருக வழியில்லாத இன்னொரு வைரசுக்கு அதன் மரபுப்பொருளைப் படியெடுக்கவோ, உறையிட்டு வெளியேறவோ துணைபுரியும் வைரசு. துணை பெறுவது சார்பு வைரசு. உறைப்புரதத்தைக்கூடக் கடன் வாங்கும் துண்டுக்குச் சாட்டிலைட் என்று பெயர்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வெண்டையில் உண்டு. நெய்யாற்றின்கரை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று குமரி எல்லைவரை நீளும் விளைகளில் வெண்டை நட்டவர்களுக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய் புதிதல்ல. இலை நரம்புகள் வலைபோல மஞ்சளிக்க, இடையில் பச்சை திட்டுத்திட்டாக நிற்கும். முற்றினால் காயும் வெளிறிச் சிறுத்துவிடும். பரப்புவது வெள்ளை ஈ. 1924இலேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய் இது. ஆனால் இதில் ஒரு வைரசுக்கும் அதைச் சார்ந்த பீட்டா சாட்டிலைட் என்ற துண்டுக்கும் பங்கு உண்டு என்பதை 2003இல்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா இருவரும் காட்டினார்கள். வைரசை மட்டும் செலுத்திய வெண்டையில் இலை லேசாகச் சுருண்டதோடு சரி. பீட்டா சாட்டிலைட்டையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் நரம்பு மஞ்சளித்தது.

இந்த உதவி வைரசின் வளைய டிஎன்ஏ சுமார் 2,700 எழுத்து நீளம். சாட்டிலைட் அதில் பாதி, ஏறத்தாழ 1,350. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் 'ரெப்' புரதம் சாட்டிலைட்டிடம் இல்லை. ஆனால் ரெப் கீறும் ஒன்பது எழுத்துக் கோவை இரண்டிலும் ஒன்றே. உதவி வைரசின் ரெப் அங்கே இழையைக் கீறிவிட, செடியின் சொந்த நொதிகள் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் புது இழை நெய்கின்றன. சாட்டிலைட்டும் சும்மா குடியிருப்பதில்லை: அதன் ஒரே முக்கியப் புரதமான பீட்டா சி1 செடியின் தற்காப்பை அடக்குகிறது. 'உதவி' என்ற சொல் பாதி உண்மைதான்.

எல்லா உதவியும் இவ்வகை அல்ல. அடினோ சார்பு வைரசுக்கு அடினோ வைரசு படியெடுக்கும் நொதியைத் தருவதில்லை. செல்லைத் தயார்ப்படுத்தித் தருகிறது. துணை கிடைக்காவிட்டால் அது மனித செல்லில் அடங்கிக் கிடக்கும். மாரியோ ரிசெட்டோ 1977இல் கண்டறிந்த ஹெபடைடிஸ் டி இன்னும் விசித்திரம். அதன் ஆர்என்ஏவை மனித செல்லின் நொதியே படியெடுத்துவிடுகிறது; ஹெபடைடிஸ் பி-யிடம் அது கேட்பது மேலுறையை மட்டும். அந்த உறை இல்லாமல் அடுத்த செல்லுக்குப் போக முடியாது.

அதனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே டி-யையும் தடுக்கிறது.