ஆறு லட்சம் சாட்சிகளும் ஒரு கொச்சி செப்பேடும்

மாகடி ரோட்டில் யூதர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது என்றால், இருபது வருஷமாக பெங்களூரில் இருப்பவர்களே நம்புவதில்லை. (நிஜமாவே இருக்குங்க!) அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, கொச்சி யூதர்கள், அப்புறம் 12-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் என்று எங்கெங்கோ போய்விட்டேன்.

ஸ்பெயினில் யெஹூதா ஹாலேவி என்றொரு யூதக் கவிஞர். 1140 வாக்கில் 'குஸாரி' என்ற நூலை எழுதினார். கஸர் நாட்டு அரசன் ஒரு தத்துவவாதி, ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம், கடைசியாக ஒரு யூதர் என்று வரிசையாக விசாரிக்கிறான். அந்த யூதர் உலகைப் படைத்த கடவுளிலிருந்து பேச்சைத் தொடங்கவில்லை. எகிப்திலிருந்து எங்களை மீட்ட கடவுள் என்றுதான் தொடங்குகிறார். தர்க்கத்தைவிட, சீனாய் மலையில் ஆறு லட்சம் பேர் நேரில் கண்டதும், அது அறுபடாமல் தலைமுறைகளாக வந்ததும்தான் உறுதி என்பது ஹாலேவியின் கட்சி.

பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் கூராக்கினார்கள். தனி ஒருத்தர் 'கடவுள் என்னிடம் பேசினார்' என்று கதை விடலாம். 'உங்கள் பாட்டன்மார் எல்லோரும் பார்த்தார்கள்' என்று ஒரு ஜனத்திடமே கதை விட முடியுமா? 'எங்க வீட்டில் யாரும் சொல்லலையே' என்று கேட்க மாட்டார்களா?

நம் வீட்டு விவகாரமும் இதுதானே. குலதெய்வத்தைப் பற்றி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இங்கே பிறந்த பிள்ளை கேட்டால், 'தாத்தா சொன்னார், அவருக்கு அவர் தாத்தா சொன்னார்' என்பதைத் தாண்டி நம்மிடம் என்ன இருக்கிறது? அதனால் ஹாலேவி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான்.

ஆனால் கொச்சி குறுக்கே வருகிறது. சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு அங்கே உண்டு. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, வரிவிலக்கு... எல்லாம் வட்டெழுத்தில். (2017-இல் இஸ்ரேல் போன நம் பிரதமர், இதன் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்தார்.) இது கி.பி. 379-இல் கிடைத்தது என்று கொச்சி யூதர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். செப்பேட்டிலோ மன்னனின் ஆட்சியாண்டு மட்டும்தான் இருக்கிறது. எம்.ஜி.எஸ். நாராயணன் அதைக் கணக்கிட்டு கி.பி. 1000 என்றார்.

அறுநூறு வருஷ வித்தியாசம்! யாரோ திட்டம் போட்டு ஏமாற்றியதாக நினைக்க வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல நகர்ந்திருக்கும். அதேசமயம் மன்னன் நிஜம், ரப்பான் நிஜம், உரிமைகளும் நிஜம்.

'ஒன்று பொய், இல்லாவிட்டால் உண்மை' என்ற வாதத்தில் இந்த நகர்தலுக்கு இடமே இல்லை. இன்னொன்று, ஆறு லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்வதும் ஒரே நூல்தான். ஆறு லட்சம் கையெழுத்து சரி, எல்லாம் ஒரே பேனாவில் இருக்கிறதே என்று பேங்க்காரன் புத்தி கேட்கிறது :-) கொச்சிக் கணக்கைச் சரிபார்க்கச் செம்பு இருந்தது. சீனாய்க்கு அது இல்லை. 'ஏதோ நடந்தது' என்பது வரை தலைமுறைச் சொல் தாங்கும். 'கடவுளே பேசினார்' என்ற பாரத்தைத் தாங்காது என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு பெரிய யூத அறிஞர் மைமோனிடெஸ் (மறைவு 1204), கடவுள் இருப்பதைத் தர்க்கத்தால் நிரூபிக்கலாம் என்றவர். அவரே, உலகம் படைக்கப்பட்டதா, என்றென்றும் இருப்பதா என்ற கேள்வியில் இரண்டு பக்கமும் முடிவான நிரூபணம் கிடையாது என்று எழுதிவிட்டு, படைப்பின் பக்கம் நின்றார். ரத்தின வியாபாரியான அவர் தம்பி நம் இந்தியப் பெருங்கடலில்தான் மூழ்கி இறந்தார். அந்தக் கதைக்குத் தனிப் பதிவே போட வேண்டும்.